ஐந்து நட்சத்திரச் சீலை

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் போன ஆவணியில் ஊருக்கு வந்தபோது பெட்டிக்குள் ஒரு சீலை கொண்டுவந்தாள். கரும்பச்சை உடல், மாம்பழ மஞ்சள் கரை. இணைய ஏலத் தளமொன்றில் "மட்டக்களப்புக் கைத்தறி, நூறு வீதம் பருத்தி, கையால் நெய்தது" என்று போட்டிருந்ததாம். மல்லுக்கட்டி ஏலம் கேட்டு 140 கனேடிய டொலருக்கு எடுத்திருக்கிறாள். மகளுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், இந்த முறை ஊரிலேயே நெய்வித்துக்கொண்டு போய்விடலாம் என்பது அவளுடைய திட்டம்.

எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரிய கல்லாற்றில். மாவட்ட எல்லையைத் தாண்டி அம்பாறைப் பக்கத்து மருதமுனைக்குப் போக ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். அங்கே தலைமுறையாகத் தறி வைத்திருக்கும் குடும்பத்தில் ஒரு ராத்தாவை எனக்குப் பழக்கம். அவரிடம் சீலையைக் கொடுத்து "இதே மாதிரி ஒண்டு வேணும் ராத்தா" என்றோம்.

அவர் சீலையை விரித்துப் பார்க்கவில்லை. கரையை மட்டும் இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, முழம் முழமாக இழுத்துக்கொண்டே போனார். நடுவில் நிறுத்திக் கரையின் ஓரத்தை நகத்தால் கீறினார். நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக்கட்டை, போட்டு நெய்த துணியில் அந்தக் குறுக்கு நூலான ஊடை கரைவரை போய்த் திரும்பி, மறுபடி உள்ளே வரும். ஒரே நூல்தான் போய்ப் போய் வரும். இந்தச் சீலையில் ஒவ்வோர் ஊடையும் கரையில் வெட்டுப்பட்டுக் குச்சம் குச்சமாக நின்றது. அப்புறம் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியில் பிடித்தார். பருத்தி என்றால் கடதாசி எரியும் வாடை வரும், சாம்பல் தொட்டால் பொடியாகப் போகும். இது உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணி ஒன்று நின்றது.

"இது தறியில நெய்ஞ்ச சாரி இல்ல மனெ. மெசின்ல ஓடின துணி. பருத்தியும் இல்ல."

மச்சாளுக்கு முகம் செத்துப்போனது. அவள் சொன்னது இதுதான்: "அவனுக்கு நல்ல பேர் இருக்கே. நானே அஞ்சு ஸ்டார் போட்டனான்."

அந்த ஐந்து நட்சத்திரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏலத் தளத்தில் ஏமாற்றுகிறவனிடமிருந்து தப்ப என்ன வழி என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் முதல் பதில், "அவனுடைய மதிப்பீட்டைப் பார்" என்பது. கைப்பேசி, காலணி போன்றவற்றுக்கு அது சரி. கைவினைப் பொருளுக்கு அந்த நட்சத்திரம் வேறு எதையோ அளக்கிறது.

நட்சத்திரம் எதை அளக்கிறது

முகம் தெரியாத ஆளிடம் பணத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பொருளுக்குக் காத்திருப்பது என்பதே ஒரு விசித்திரமான ஏற்பாடுதான். பியர் ஒமிட்யார் 1995 செப்டெம்பரில் தொடங்கிய ஏலத் தளம்தான் பிறகு ஈபே ஆனது. அடுத்த ஆண்டே வாங்கினவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிவைக்கும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். ஊரில் "அந்தக் கடைக்காரன் நிறை சரியாகப் போடுவான்" என்று வாய்வழியாகப் போகும் பேச்சை எழுத்தில் ஏற்றின மாதிரி. 2008இல் இன்னொரு மாற்றம் செய்தார்கள்: விற்கிறவர் வாங்குகிறவரைப் பற்றிக் கெட்டதாக எழுத முடியாது. அதற்கு முன், "நீ எனக்குக் கூடாது போட்டால் நானும் உனக்குப் போடுவேன்" என்ற பயத்தில் வாங்கினவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, பயம் போனது. ஆனாலும் மச்சாள் ஐந்து போட்டாள். ஏன்?

பொருளியலில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. பிலிப் நெல்சன் 1970இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார்: வாங்குமுன்னே தரம் தெரிபவை, பாவித்தால் தெரிபவை. 1973இல் மைக்கல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள்: பாவித்த பிறகும் தெரியாதவை. எங்கள் பக்கத்துச் சாமானிலேயே சொல்லலாம். பூசணிக்காயைத் தட்டிப் பார்த்தால் தெரியும். எருமைத் தயிரை ஒரு கரண்டி வாயில் வைத்தால் தெரியும். அம்பாறைப் பக்கத்துக் காட்டுத் தேன் என்று போத்தலில் விற்பதை முழுப் போத்தலும் குடித்து முடித்தாலும் சீனிப்பாகு எவ்வளவு கலந்தது என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது. இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

கைத்தறி, பன்பாய், பனையோலைப் பெட்டி எல்லாம் அந்தத் தேன் வகை. சீலை அழகாக இருக்கிறது, சொன்ன நிறம்தான், சொன்ன நாளில் பாசல் வந்தது, நன்றாகப் பொதி கட்டியிருக்கிறது. வாங்கினவர் எதைப் பார்க்க முடியுமோ அதற்குத்தான் நட்சத்திரம் போடுகிறார். கையால் நெய்ததா என்ற கேள்வி அந்த மதிப்பீட்டுக்குள் வருவதே இல்லை. ஆகவே பொருளில் பொய் சொல்லி, தபாலில் நேர்மையாக இருக்கும் ஒருவன் நூற்றுக்கு நூறு வாங்குவான். பாசல் அனுப்பாமல் ஓடுகிற கள்ளன் ஒரு மாதத்தில் பிடிபடுவான். இவனுக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த நட்சத்திரங்களுக்குக் காசு மதிப்பும் உண்டு. போல் ரெஸ்னிக்கும் அவருடைய கூட்டாளிகளும் பழைய தபால் அட்டைகளை ஈபேயில் போட்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரி அட்டைகள். ஒன்று பெயர் எடுத்த பழைய கணக்கில், இன்னொன்று புதுக் கணக்கில். பழைய கணக்குக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. 2006இல் வெளிவந்த ஆய்வு அது. பெயருக்கு விலை இருக்கிறது என்றால் பெயரைத் தயாரிக்கவும் ஆள் வரும்தானே. ஒரு டொலர் பொத்தான், இரண்டு டொலர் மணிமாலை என்று நூற்றுக்கணக்கில் விற்று நட்சத்திரம் சேர்ப்பது, அப்புறம் அதே கணக்கில் "கைத்தறி" ஏற்றுவது. ஆகவே மதிப்பீட்டைப் பார்ப்பதென்றால் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், என்ன விற்றதற்குக் கிடைத்த மதிப்பீடு என்று பாருங்கள். பிறகு நடுத்தரமான, குறைசொல்லும் கருத்துகளை மட்டும் பிரித்து வாசியுங்கள். "படத்தில் இருந்த மாதிரி இல்லை, மெல்லிசாக இருக்கிறது" என்று எங்கோ ஒருவர் எழுதியிருப்பார். துணி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நட்டம் மச்சாளின் 140 டொலரோடு முடிவதில்லை. ஜோர்ஜ் அகெர்லொஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு விஷயத்தை விளக்கினார். பிறகு 2001இல் நோபல் பரிசும் பெற்றார். நல்லதையும் கெட்டதையும் வாங்குகிறவரால் பிரித்தறிய முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவிலான ஒரு விலையைத்தான் கொடுப்பார். அந்த நடு விலை கெட்டதை விற்பவனுக்குக் கொள்ளை லாபம், நல்லதை விற்பவருக்குக் கட்டாது. நல்லவர் சந்தையை விட்டுப் போவார். இதை மருதமுனையில் வைத்துப் பாருங்கள். பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, நாள்கணக்கில் இருந்து நெய்யும் ஒரு சீலையும், விசைத்தறியில் வரிசையாக ஓடி விழுகிற துணியும் திரையில் ஒரே அளவுப் படங்கள். விலையைப் பார்த்து வாங்குகிறவரிடம் ராத்தா எப்படிப் போட்டி போடுவார்? 2004 சுனாமி அந்தக் கரையில் தறிகளையும் அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து எழும்பியவர்கள் இப்போது படத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஏலத்துக்குள்ளே

மச்சாளின் கதையில் இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்தியது. ஏழு பேர் போட்டி போட்டார்கள் என்கிறாள். யார் அந்த ஏழு பேர்?

இணைய ஏலத்தில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் விலை கேட்பதில்லை. "அதிகபட்சம் இவ்வளவு" என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறீர்கள். தளம் உங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். உங்கள் உச்சம் 30,000 ரூபாய், அடுத்தவரின் உச்சம் 12,000 என்றால் விலை 12,000க்குச் சற்று மேலே நின்றுவிடும். வெல்கிறவர் இரண்டாவது ஆளின் விலையைக் கட்டுவது என்ற இந்த யோசனையை வில்லியம் விக்ரி 1961இலேயே ஆராய்ந்திருந்தார். அதன் நல்ல குணம், மனதில் உள்ள உண்மையான தொகையைச் சொல்லலாம், நட்டமில்லை என்பது. ஆனால் இரண்டாவது ஆள் உண்மையான ஆளாக இருக்க வேண்டும். விற்கிறவனின் மைத்துனனோ அவனுடைய இரண்டாவது கணக்கோ அந்த இடத்தில் இருந்தால், 15,000, 20,000, 26,000 என்று அவன் படிப்படியாகத் தட்டிப் பார்ப்பான். உங்கள் உச்சம் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கும்வரை ஏற்றுவான். தப்பித்தவறி உங்களைத் தாண்டிவிட்டால்? கேட்பை வாபஸ் வாங்குவான். அல்லது தானே "வென்று", அப்புறம் உங்களுக்கு ஒரு கடிதம் வரும்: முதலாவது ஆள் பின்வாங்கிவிட்டார், உங்கள் விலைக்கே தருகிறேன், வேண்டுமா? இரண்டாவது வாய்ப்பு தருவது தளங்களில் அனுமதிக்கப்பட்ட விஷயம்தான், நேர்மையாகவும் நடக்கும். எனக்கு அந்தக் கடிதம் வந்தால் நான் ஏலத்தின் வரலாற்றைத் திறந்து பார்ப்பேன்.

பெரிய தளங்கள் இந்தக் கள்ளக் கேட்பைத் தடை செய்திருக்கின்றன. பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். ஆனாலும் நடக்கிறது. பிடிப்பதற்கு அடையாளங்கள் உண்டு: மதிப்பீடு ஒன்றோ இரண்டோ உள்ள கணக்கு, அதே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது, ஒன்றையும் வெல்லாதது, கடைசி மணித்தியாலத்தில் காணாமல் போவது. கேட்பவர்களின் பெயரைத் தளங்கள் மறைத்துக் காட்டுவதால் இதைப் பிடிப்பது முன்பைவிடக் கடினம்.

இதற்கு எளிய மாற்று ஒன்று இருக்கிறது. முடிவு நேரம் உறுதியாக உள்ள ஏலத்தில் கடைசிச் சில நொடிகளில், ஒரே தடவை, உங்கள் உச்சத் தொகையைப் போடுங்கள். தட்டிப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்காது. அல்வின் ரோத்தும் அக்செல் ஒக்கன்ஃபெல்ஸும் 2002இல் எழுதிய ஆய்வில் ஈபேயையும் அக்காலத்தில் ஏலம் நடத்திய அமேசானையும் ஒப்பிட்டார்கள். கடைசியில் யாராவது கேட்டால் நேரம் நீளும் என்ற விதி அமேசானில் இருந்தது. அங்கே இந்தக் கடைசி நொடிப் பாய்ச்சல் குறைவாக இருந்தது. ஆகவே எந்தத் தளமென்றாலும் முதலில் அந்த விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தும் படமும்

பொய்யை நேரடியாக எழுதுகிறவன் குறைவு. "கைத்தறி ஸ்டைல்", "பாரம்பரியப் பாணி", "கைவேலைத் தோற்றம்" என்று எழுதுவான். தலைப்பில் மட்டக்களப்பு இருக்கும், கீழே சிறு எழுத்தில் பொருள் அனுப்பப்படும் நாடு வேறாக இருக்கும். பருத்தி என்று மேலே, "பருத்திக் கலவை" என்று கீழே. மச்சாளின் சீலை விவரத்தை நான் தேடி வாசித்தேன். "கையால் முடிக்கப்பட்டது" என்றும் ஒரு வரி இருந்தது. குச்சம் கட்டினது கையால் என்று அர்த்தமாம்!

படத்தை எடுத்துத் தேடுபொறியின் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். ஒரே சீலை நான்கு கடைகளில், நான்கு பெயரில், நான்கு விலையில் வந்தால் முடிந்தது. அடுத்து எண்ணிக்கை. பன்பாய் ஒன்றை இழைக்க முதலில் பன் என்ற புல்லை அறுத்து, காயவைத்து, சாயம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கை வேலை தொடங்கும். "இருப்பில் 340" என்று போட்டிருக்கிற பாய் எந்த ஊரில் யார் இழைத்தது? கையால் செய்த இரண்டு பொருள் ஒரே மாதிரி இருக்காது, ஆகவே நேர்மையான விற்பனையாளர் "உங்களுக்கு வருவது படத்தில் இருப்பதே" என்றோ "கொஞ்சம் வித்தியாசப்படும்" என்றோ சொல்லியிருப்பார்.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: கரையை மிகக் கிட்டவாக, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பாய் என்றால் ஓரம் மடித்த இடம், பெட்டி என்றால் அடி. பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. படத்தை எங்கோ இருந்து எடுத்தவனால் முடியாது. கோபப்படுவான், அல்லது முதலில் போட்ட அதே படத்தைத் திருப்பி அனுப்புவான். தளத்துக்குள்ளேயே கேளுங்கள், "வட்ஸ்அப்புக்கு வாங்க, விலை குறைச்சுத் தாறன்" என்றால் போகாதீர்கள். வெளியே நடந்த பேச்சும் வெளியே கட்டின பணமும் பிறகு எந்த முறைப்பாட்டிலும் நிற்காது.

இடையில் பழம்பொருள் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பெயர் அங்கும் அடிபடுகிறது. ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை போட்ட செப்புக் காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை, உண்மையானவையே மலிவாகக் கிடைக்கும். "மட்டக்களப்புக் கோட்டையில் கண்டெடுத்தது" என்ற ஒரு வரி சேர்ந்ததும் விலை ஏறும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை என்று வரலாறும் ஒட்டியிருப்பான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டப்படி பண்பாட்டுச் சொத்தை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அந்தக் கதை பொய்யானால் நீங்கள் ஏமாந்தீர்கள். மெய்யானால் களவுப் பொருளை வாங்கியிருக்கிறீர்கள்.

மாட்டிக்கொண்ட பிறகு

நாள் கணக்குத்தான் இங்கே முக்கியம். ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் முறைப்பாடு திறக்க வேண்டும். இணையக் கட்டணச் சேவையான பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். கடனட்டை என்றால் வங்கி மூலம் கட்டணத்தை மறுக்கலாம். பொதுவாக 120 நாள் என்று சொல்வார்கள், உங்கள் வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேபாலில் "நண்பர், குடும்பம்" என்று அனுப்பச் சொல்லி விற்பவன் கேட்டால், அந்தப் பாதுகாப்பை உங்கள் கையாலேயே கழற்றச் சொல்கிறான் என்று அர்த்தம்.

முறைப்பாட்டில் காரணம் தெரிவு செய்யும் இடத்தில் "சொன்னபடி பொருள் இல்லை" என்பதையே தெரிவு செய்யுங்கள். "மனம் மாறிவிட்டது என்று போடுங்கள், உடனே காசு தருகிறேன்" என்று அவன் தேனொழுகப் பேசுவான். அப்படிப் போட்டால் திருப்பி அனுப்பும் தபால் செலவு உங்கள் தலையில் விழலாம். அடுத்த தந்திரம், "முறைப்பாட்டை மூடுங்கள், பணம் வரும்" என்பது. மூடினதைத் திரும்பத் திறக்க முடியாது. பணம் கணக்குக்கு வரும்வரை மூடவே கூடாது. அரைவாசிப் பணம் தருகிறேன், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதும் வரும். சிலருக்கு அது போதும் என்று தோன்றலாம், ஆனால் அவனுக்கு அது வியாபாரத்தின் ஒரு பகுதி. பத்துப் பேரில் ஒருவருக்குப் பாதியைக் கொடுத்தாலும் லாபம்தான்.

சாட்சியாக "எனக்குப் போலி மாதிரித் தெரிகிறது" என்று எழுதினால் எடுபடாது. கரையின் படம், எரித்த நூலின் நுனி, விவரத்தில் அவன் எழுதிய வரியின் ஸ்கிரீன்ஷாட். பட்டியலை அவன் அழிக்கலாம், மாற்றலாம்; ஆகவே வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நூல் உருவும்போதும் முந்தானை ஓரத்தில் ஒன்றே ஒன்று போதும், துணியை வெட்டிவிட்டால் திருப்பி எடுக்க மறுப்பான்.

விற்றவர் இலங்கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம், தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடுக்கிறது. விற்றவன் வேறு நாட்டில் இருந்தால் தளமும் வங்கியும்தான் கதி.

நெய்கிறவரின் பக்கம்

நகைக் கம்பனியான டிஃபனி 2004, 2005இல் ஈபேயில் தன் பெயரைச் சொல்லி மற்றவர்கள் விற்ற வெள்ளி நகைகளைத் தானே வாங்கிப் பார்த்தது. முக்கால்வாசி போலி. வழக்குப் போட்டது. 2008இலும் மேன்முறையீட்டில் 2010இலும் அமெரிக்க நீதிமன்றங்கள் சொன்னது: பொதுவாகப் போலி நடக்கிறது என்று தளத்துக்குத் தெரிந்திருப்பது போதாது, இன்ன பட்டியல் போலி என்று சுட்டிக்காட்டினால் நீக்க வேண்டும், கண்காணிக்கிற வேலை முத்திரைக்காரருடையது. டிஃபனியிடம் அதற்கு ஆளும் சட்டத்தரணியும் இருந்தார்கள். தறியில் இருக்கிற ராத்தா யாரைக் கண்காணிப்பார்?

தன் பெயரில் நேரடியாக விற்கவும் அவருக்கு வழி இலகுவாக இல்லை. நீண்ட காலமாக இலங்கையிலிருந்து பேபால் மூலம் பணம் கட்டலாம், பெற முடியாது என்றே இருந்து வந்தது. பேயோனியர் என்ற பணம் பெறும் சேவை போன்ற சுற்றுவழிகளுக்கு வங்கிக் கணக்கு, ஆங்கிலம், பொறுமை மூன்றும் வேண்டும். ஆகவே வெளிநாட்டில் கணக்கு வைத்திருக்கும் இடைத்தரகர் ஒருவர் வருகிறார். பொருளை நெய்தவர் ஓரிடம், விற்பவர் வேறிடம் என்பது வழமையாகிவிட்டால், நெய்யாத பொருளை விற்பவனும் அந்தக் கூட்டத்துக்குள் சுலபமாக நின்றுகொள்கிறான்.

ஊர்ப் பெயருக்குச் சட்டக் காவல் போட முடியாததல்ல. இன்ன ஊர்ப் பொருளுக்கே இந்தப் பெயர் என்று காக்கும் புவிசார் குறியீட்டை இலங்கையில் பதிய வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2022இல் வந்தது. அதே ஆண்டு இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் பத்தமடைப் பாய்க்கு இருக்கிறது. கிழக்கின் கைத்தறிக்கும் கேட்கலாம், கேட்க வேண்டும். அது வரும்வரை கையில் இருக்கிற சின்ன ஆயுதம் புகைப்படம். எடுத்தவருக்குத்தான் அதன் பதிப்புரிமை, பதிவு தேவையில்லை. தன் படத்தை வேறொருவன் பாவித்தால் பெரிய தளங்களில் உரிமையாளர் முறையிட்டு அந்தப் பட்டியலை நீக்குவிக்கலாம்.

மச்சாள் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. எல்லா நாள் கணக்கும் தாண்டிப் போயிருந்தது, போட்ட நட்சத்திரத்தைக்கூட மாற்ற முடியவில்லை. ராத்தாவிடம் முற்பணம் கொடுத்துக் கரும்பச்சையில் ஒன்று சொல்லிவிட்டு வந்தோம். பாதி நெய்த சீலையைத் தறியோடு படம் எடுக்க நான் கைப்பேசியைத் தூக்கியபோது அவர் கையால் மறித்தார். "நெட்டில போடப் போறியா? போட்டா என்ட கையையும் சேத்து எடு மனெ."

அப்படியே எடுத்தேன். நாடாவைப் பிடித்த கையும், கரையில் திரும்பும் நூலும் ஒரே படத்தில்.